இரவில் குளிரும் ஏசி நண்பகலில் ஏன் திணறுகிறது?

கேள்வி: ஐயா, அப்பாவின் அறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்வெர்ட்டர் வகை அல்ல. மூன்று கோடைகளாக ஒரே தொல்லை. இரவில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்கிறது. பகல் ஒரு மணிக்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது. வெளியே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அரை மணி நேரம் கழித்துத் தானாகவே மறுபடியும் குளிரும். பிறகு மீண்டும் 'டக்'. மெக்கானிக் ஒவ்வோர் ஆண்டும் "கேஸ் குறைந்திருக்கிறது" என்று ஏற்றிவிட்டுப் போகிறார். இந்த ஆண்டும் ஏற்றினார். பத்தே நாளில் பழைய கதை. போதாக்குறைக்கு, ஒரு நாள் காலையில் உள் யூனிட்டில் பனிக்கட்டி உறைந்து, சுவர் வழியே தண்ணீர் வழிந்தது. இன்னொருவரை அழைத்தோம். கம்ப்ரெசரை மாற்ற வேண்டும், அல்லது புதிய ஏசி வாங்கிவிடுங்கள் என்கிறார். வெளி யூனிட்டை வெயில், மழை, புறா எதுவும் அண்டாதபடி பால்கனியில் மேலே தகரமும் முன்னால் பிளாஸ்டிக் தட்டியும் வைத்து அடைத்துப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு 78 வயது. மூச்சுத் திணறல் உண்டு. ரிமோட்டில் 18 வைத்தும் பயனில்லை. கோடை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விடையின் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரவில் நன்றாகக் குளிர்கிறது, பகலில் நின்றுபோகிறது என்ற அந்த ஒரு வரியை, வந்து பார்த்த இருவரும் காதில் வாங்கியிருந்தால் மூன்று ஆண்டுச் செலவு மிஞ்சியிருக்கும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசர் கெட்டுப்போயிருந்தால் இரவில் எப்படிக் குளிரும்? கேஸ் தீர்ந்துபோயிருந்தால் போர்வை எதற்கு?

ஆகவே இப்போதைக்குப் புதிய ஏசி வேண்டாம். கம்ப்ரெசரிலும் கை வைக்க வேண்டாம். நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது தவறு என்பதால், எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆனால் என் சந்தேகம் முழுவதும் அந்தப் பால்கனியின் மேல்தான். நீங்கள் 'பத்திரமாக' என்று எழுதிய இடத்தில்தான் எனக்குத் திக்கென்றது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தைச் சுமந்து கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது; அவ்வளவுதான் அதன் வேலை. எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் ஏசி என்பது அதன் எடையைக் குறிப்பதில்லை. ஓர் அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவைக் குறிக்கிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். உங்களுடையது ஒன்றரை டன் என்றால், சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து இழுக்கிறது. இழுப்பதற்கு அது செலவழிக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. அது ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 7 கிலோவாட். அதாவது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஏழை அந்தப் பால்கனியில் வரிசையாக வைத்து, நாள் முழுவதும் சூடாக்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அந்தச் சூடு போவதற்கு நீங்கள் வழி விடவில்லை. தட்டியில் மோதித் திரும்புகிறது. திரும்பிய சூடான காற்றையே யூனிட் பின்பக்கமாக மறுபடியும் உறிஞ்சுகிறது.

இது ஏன் பகலில் மட்டும் தெரிகிறது? வெப்பம் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் போகும். வெளியே 42 டிகிரி வெயில் என்றால், வெளி யூனிட்டின் குழாய் அதைவிடச் சூடாக, 55 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் தன் வெப்பத்தைக் காற்றில் விட முடியும். இப்போது புழக்கத்தில் உள்ள ஆர்-32, ஆர்-410ஏ போன்ற கேஸ்கள் அந்தச் சூட்டில் 34, 35 பார் அழுத்தத்தில் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு. அந்த அளவைத் தாங்கும்படிதான் ஏசியைச் செய்கிறார்கள். ஆனால் அடைத்த பால்கனிக்குள் காற்றே 50 டிகிரி என்றால், குழாய் 60-ஐத் தாண்ட வேண்டும். அழுத்தம் 40 பாரைத் தாண்டும். கம்ப்ரெசர் மூச்சு முட்ட உழைக்கிறது, அதிக கரண்ட் இழுக்கிறது, கொதிக்கிறது. அப்போது அதற்குள்ளோ அதன் தலையிலோ இருக்கும் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் தானாகத் திறந்துகொள்கிறது. நீங்கள் கேட்ட 'டக்' அதுதான். கம்ப்ரெசர் ஆறுவதற்கு அரை மணி நேரம். பிறகு மறுபடியும் ஓட்டம், மறுபடியும் கொதிப்பு. இரவில் வெளியே 30 டிகிரிக்கு இறங்கியதும் அதே இயந்திரம் எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடுகிறது. அந்தச் சுவிட்ச் மூன்று கோடைகளாக உங்கள் கம்ப்ரெசரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கம்ப்ரெசர் போய்விட்டது என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி கேஸ் விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஏசியில் இருக்கும் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் அல்ல. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருகிறது. கசிவு இல்லாவிட்டால் வாங்கிய நாளில் இருந்த கேஸ் கடைசி நாள் வரை அப்படியே இருக்கும். 'ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் ஏற்றுவது' என்று ஒரு பராமரிப்பே கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். குறையாமலே ஏற்றினால் அது இன்னும் கெடுதல். மிகுதியான திரவம் வெளி யூனிட்டின் குழாய்களில் தேங்கி, வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய பரப்பை அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது. பகலில் 'டக்' இன்னும் சீக்கிரம் விழுகிறது. உங்கள் வீட்டில் இப்போது கேஸ் அதிகமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கேஸ் மிகவும் குறைந்தாலும் கம்ப்ரெசர் சூடேறி நிற்பது உண்டு. ஆனால் அப்படிப்பட்ட ஏசி இரவில் போர்வை தேட வைக்காது. கசிவுக்கு இரவு பகல் பேதம் கிடையாது.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு கடும் வெயில் நாளில், ஒரு வீட்டில் இதேபோலப் பகலில் நின்றுபோகும் ஏசிக்கு நான் கேஸ் ஏற்றினேன். அன்று மாலை குளிர்ந்தது. மூன்றாம் நாள் கம்ப்ரெசரே எரிந்துபோனது. எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் வந்து வெளி யூனிட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். தகடுகளின் மேல் தூசி கம்பளிபோல ஒரே படலமாகப் படிந்திருந்தது. அவர் அதை விரல்களால் பிடித்து, துணியை உரிப்பதுபோல உரித்து எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அந்த வீட்டுக்காரரின் பணத்தை நான்தான் எரித்தேன் என்பது அந்தத் தூசிப் படலத்தின் கனத்தில் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அழுத்த மீட்டரைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் வெளி யூனிட்டின் முதுகைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை. சாதாரண அறை வெப்பமானி ஒன்று போதும். நாளைப் பகல் இரண்டு மணிக்கு, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, பால்கனிக்கு வெளியே நிழலில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பிறகு வெளி யூனிட்டின் பின்பக்கம், அது காற்றை உறிஞ்சும் இடத்துக்கு அருகில் ஐந்து நிமிடம். இரண்டிலும் நேர்வெயில் படக் கூடாது. வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரி என்றால் நான் பால்கனியைத் தவறாகச் சந்தேகித்துவிட்டேன். ஐந்து டிகிரிக்கு மேல் என்றால் நோய் பிடிபட்டுவிட்டது. பிறகு முன்னால் இருக்கும் தட்டியைக் கழற்றிவிடுங்கள். பால்கனியில் துணி காய்ந்தால் அதையும், அட்டைப்பெட்டிகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டு, இன்னொரு பகல் ஓட்டிப் பாருங்கள். 'டக்' விழும் நேரம் தள்ளிப்போனாலோ விழாமலே இருந்தாலோ, எனக்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

தட்டியை மறுபடியும் மாட்ட வேண்டாம். வெளி யூனிட் மழையிலும் வெயிலிலும் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. அதற்குக் குடை அவசியமில்லை. நிழல் கிடைத்தால் கொஞ்சம் நல்லதுதான். ஆனால் நிழலுக்காகக் காற்றைத் தடுத்தால் லாபத்தைவிட நட்டமே பெரிது. மேலே தகரம் இருக்கட்டும் என்றால், யூனிட்டின் தலைக்கும் அதற்கும் நடுவே இரண்டு அடியாவது இருக்கட்டும். பின்பக்கச் சுவருக்கும் யூனிட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். முன்பக்கம் விசிறி ஊதும் திசையில் ஓர் ஆள் கையை நீட்டி நிற்கும் தூரத்துக்காவது எதுவும் இருக்கக் கூடாது. சுவரே இல்லாத வெட்டவெளி என்றால் மிகவும் நல்லது. புறாவுக்கு அஞ்சினால் பெரிய கண்ணுள்ள வலை போதும். கொசுவலைபோல நெருக்கமாக வேண்டாம். இரண்டே மாதத்தில் தூசி அடைத்து அதுவே சுவராகிவிடும்.

அடுத்தது கழுவுதல். உள் யூனிட்டுக்கு ஆண்டுதோறும் சர்வீஸ் செய்பவர்களில் பலரும் வெளி யூனிட்டின் முகத்தில் மட்டும் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அழுக்கு படிவது முதுகில். மூடியைக் கழற்றி, முடிந்தவரை உள்ளிருந்து வெளியே தள்ளுவதுபோல, மிதமான வேகத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அந்த அலுமினியத் தகடுகள் காகிதம்போல மெல்லியவை. வாகனம் கழுவும் பிரஷர் பம்பை அருகில் வைத்து அடித்தால் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கழுவியும் பயனில்லை. மின்சாரத்தை எம்.சி.பி. என்ற மின் பாதுகாப்பு சுவிட்சிலேயே நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்துவது போதாது. யூனிட் பால்கனி விளிம்பில் இருந்தால் வீட்டில் யாரும் ஏறி நின்று இதைச் செய்ய வேண்டாம். மெக்கானிக்கும் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்ளட்டும். இந்தத் தொழிலில் விழுந்தவர்களை நான் அறிவேன்.

சிலர் வெளி யூனிட்டின் மேல் ஈரச் சாக்கு போடுகிறார்கள், தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள். சாக்கு காற்றை அடைக்கும். உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து தகடுகளில் வெள்ளையாகப் படிந்து, நாளடைவில் அரிக்கும். இரண்டும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகும் பகலில் நின்றால், மின்சாரத்தைப் பாருங்கள். கடும் பகலில் சுற்றியுள்ள எல்லா வீடுகளிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் கம்ப்ரெசர் அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். எலெக்ட்ரீஷியனைக் காலையில் அழைக்காதீர்கள். தொல்லை வரும் நேரத்திலேயே அழைத்து, ஏசி ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் பிளக் இருக்கும் இடத்தில் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். ஓடத் தொடங்கியதும் பெரிதாக இறங்கினால் வயரிங்கிலோ இணைப்பிலோ தளர்வு இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு பிளக்கை உருவிப் பாருங்கள். கால்கள் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தால், அன்றே பிளக்கையும் சாக்கெட்டையும் மாற்றுங்கள். ஒன்றரை டன் ஏசி சாதாரணமாகவே 7, 8 ஆம்பியர் இழுக்கும். வெயில் ஏற ஏற அதற்கும் மேல். நீட்டிப்பு வயரில் அதை ஓட்டவே கூடாது. தூங்கும் பெரியவரின் அறையில் தீப்பிடிப்பதற்கு அந்த ஒரு சாக்கெட் போதும்.

கெபாசிட்டர் என்று ஒன்று உண்டு. வெளி யூனிட்டுக்குள் டப்பாபோல இருக்கும். கம்ப்ரெசரைத் தள்ளிவிட்டு ஓடவைப்பது அது. வெயிலில் வெந்து வெந்து அதன் வலு குறையும். கம்ப்ரெசர் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட எத்தனையோ ஏசிகளை இதை மட்டும் மாற்றி ஓட்டியிருக்கிறேன். அதன் மேல் அதன் கொள்ளளவு மைக்ரோஃபேரட் என்ற அலகில் அச்சிட்டிருக்கும். மீட்டரில் அளந்தால் அதிலிருந்து ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். நீங்களோ வீட்டில் வேறு யாருமோ அந்த மூடியைத் திறக்க வேண்டாம்.

காலையில் பார்த்த பனிக்கட்டி வேறு கதைபோலத் தெரியும். ஆனால் உறவு இருக்கிறது. உள் யூனிட்டின் காயிலில், அதாவது குளிரும் குழாய்ச் சுருளில், காற்று போதுமான அளவு படாவிட்டால், அது சுழியத்துக்குக் கீழே போய்விடும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் உறையும். இரவில் அறையும் குளிர்ந்து, வெளியேயும் குளிர்ந்து, ரிமோட்டில் 18 என்று வைத்து, விசிறியும் மெதுவாக ஓடினால் உறைவதற்கு எல்லாம் கூடிவருகிறது. அழுக்கடைந்த ஃபில்டர் மீதி வேலையை முடித்துவிடும். கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும் என்பதால்தான் மெக்கானிக்குகள் உடனே சிலிண்டரைத் தூக்குகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் மெல்லிய குழாய் ஒன்றும் தடித்த குழாய் ஒன்றும் சேரும். உங்களுடையது போன்ற ஸ்பிளிட் ஏசிகள் பலவற்றில் கேஸ் குறைந்தால் மெல்லிய குழாயில்தான் முதலில் வெண்பனி படரும். காற்றோட்டம் குறைந்தால் உள்ளே காயில் முழுவதும் பரவலாக உறைந்து, தடித்த குழாய் வழியாகப் பனி வெளியே வரும். மறுபடியும் உறைந்தால் மெக்கானிக் வருவதற்கு முன் இந்த இரண்டு குழாய்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

உறைந்த பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டக் கூடாது. அடுத்த நொடியே காயில் ஓட்டையாகலாம். குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். தானாக உருகிவிடும்.

ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். முன்மூடியைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், நிழலில் உலர்த்துதல், அவ்வளவே. முழுவதும் உலர்ந்தபிறகு மாட்டுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓட்டாதீர்கள். பிறகு ஒரு டார்ச்சை எடுத்து, காற்று வெளியே வரும் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உருளைபோல ஒரு விசிறி தெரியும். அதன் இதழ்கள் கறுத்துத் தடித்திருந்தால் காற்று பாதியாகியிருக்கும். அந்த விசிறியையும் காயிலையும் மெக்கானிக்தான் கழுவ வேண்டும். சர்க்யூட் போர்டை நனையாமல் மூடிக்கொண்டு, சுவரில் பை கட்டிச் செய்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர் படுக்கும் அறை என்பதால் இதை நான் குளிருக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே படிந்த பூஞ்சைதான் அவர் சுவாசிக்கும் காற்றில் கலக்கிறது.

சுவரில் வழிந்த தண்ணீர் உருகிய பனியாக இருக்கலாம். பனி இல்லாத நாளிலும் வழிந்தால் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கிறது. ஈரப்பதமான நாளில் உங்கள் ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்து எடுக்கும். 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இந்த முறையை வடிவமைத்ததே, காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்கி வண்ணங்கள் பிசகாமல் இருப்பதற்காகத்தான். மனிதர்களின் சுகம் பிறகு வந்தது. அந்தத் தண்ணீர் போகும் குழாய் முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். அதன் நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது.

ரிமோட்டில் 18 வைப்பதால் இன்வெர்ட்டர் அல்லாத உங்கள் வகை ஏசியில் குளிர் வேகமாக வராது. அதன் கம்ப்ரெசருக்கு ஓடுவது, நிற்பது என்ற இரண்டே நிலைதான். 18 என்றாலும் 26 என்றாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் ஓய்வே எடுக்காது. கடும் பகலில் ஓய்வில்லாத கம்ப்ரெசர்தான் முதலில் கொதிக்கும். 26 வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள். உடலுக்கு அது 24-ஐப் போல இருக்கும். அதைவிட முக்கியம் நேரம். ஒரு மணிக்குச் சுவரெல்லாம் சூடேறியபிறகு போடாதீர்கள். காலை பத்து மணிக்கே போட்டு, அறையைக் குளிரவைத்துவிட்டால், உச்சி வெயிலில் ஏசிக்குச் சுமை குறையும். மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வெயிலை வெளியே வைத்தே மறையுங்கள். உள்ளே தொங்கும் திரை ஓரளவுதான் உதவும். கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நிறுத்தினால் மூன்று நிமிடமாவது கழித்துப் போடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாக வேண்டும்.

கடைசியாக, கம்ப்ரெசரை மாற்றச் சொன்னவர். அவரைத் திட்ட வேண்டாம், வரச் சொல்லுங்கள். ஆனால் கம்ப்ரெசரோடு அல்ல. மின் தராசு, கேஸை மீட்டெடுக்கும் கருவி, வேக்குவம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர் ஆகியவற்றோடு வரச் சொல்லுங்கள். இவை இல்லாதவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். வெளி யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்ற அளவும் அச்சிட்டிருக்கும். குழாயில் உள்ள கேஸ் முழுவதையும் கருவியால் எடுத்து எடை போடட்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால் இரண்டு டன் கரியமில வாயு புவியைச் சூடேற்றும் அளவுக்குச் சூடேற்றும். ஆர்-32 மூன்றில் ஒரு பங்கு. தகட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக வந்தால் மூன்று கோடைகளில் நடந்தது என்ன என்று அவருக்கே தெரிந்துவிடும். குறைவாக வந்தால் கசிவு இருக்கிறது. நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். குழாயில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 என்றால் அது தீப்பற்றக் கூடியது. அறையில் நெருப்பு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு வேக்குவம் போட்டு, அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, தராசில் வைத்துத் தகட்டில் உள்ள அளவுக்கு ஏற்றுவதுதான் சரியான முறை. மீட்டர் முள்ளைப் பார்த்து மதிப்பாக ஏற்றுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்ப்ரெசரில் பழுது என்று அவர் சொன்னால், அதன் மோட்டாரில் சுற்றிய கம்பியின் (வைண்டிங்) அளவையும், மின்கசிவைத் தடுக்கும் உறையின் (இன்சுலேஷன்) அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்கள் மோசமாக இருந்தாலோ, காயிலில் பல இடங்களில் கசிவு இருந்தாலோ, ஏழு ஆண்டு ஏசியில் மேலும் செலவழிக்காமல் புதியது வாங்குவது நியாயம். அப்போது கடையில் ஒன்று கேளுங்கள்: இது எத்தனை டிகிரி வெளிவெப்பத்தில் அளக்கப்பட்டது என்று. வழக்கமான அளவீடு வெளியே 35 டிகிரியில் எடுக்கப்படுவது; டி-3 என்ற வகையில் 46 டிகிரியில் எடுக்கப்படுகிறது. உங்கள் ஊர் வெயில் 42-ஐத் தாண்டுவதாக இருந்தால் அந்த வேறுபாடு முக்கியம். ஆனால் எதை வாங்கினாலும் அதே அடைத்த பால்கனியில் மாட்டினால் அதே நோய்தான் வரும்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏசி சரியாகும்வரை பகல் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர் எங்கே இருப்பார் என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். வீட்டின் குளிர்ச்சியான வேறு அறையோ, அருகில் உள்ள உறவினர் வீடோ. ஏசி நின்றபிறகு யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். அறை 40 டிகிரியை நெருங்கிவிட்டால் மின்விசிறி மட்டும் உதவாது. சூடான காற்றைத்தான் உடல்மேல் அடிக்கும். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியின் கீழே உட்கார வையுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதயத்துக்கோ நுரையீரலுக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு அளவு மாறும். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ, மெக்கானிக்கை அல்ல, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நாளை இரண்டு மணிக்கு எடுக்கும் அந்த இரண்டு வெப்பநிலைகளையும், தகட்டில் உள்ள கேஸின் பெயரையும் கிராம் கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பார்த்த அன்றே பதில் எழுதுகிறேன்.